டொமைன் ஓர் இடம், ஹோஸ்டிங் வேறோர் இடம்: முதல் வெப்சைட் தொடங்குபவருக்கான வழிகாட்டி

ஹோஸ்டிங் (வெப்சைட்டை வைக்கும் சர்வர் இடம்) வாங்கினால் முதல் வருடம் டொமைன் (வெப்சைட்டின் பெயர்) இலவசம் என்ற ஆஃபரைப் பார்க்காமல் இன்று யாரும் வெப்சைட் தொடங்குவதில்லை. பட்டனை அழுத்தி, கார்டு எண்ணைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இரண்டு வருடம் கழித்து ஹோஸ்டிங் கட்டணம் எகிறி, வேறு கம்பெனிக்கு மாறலாம் என்று யோசிக்கும்போதுதான் தலைவலி ஆரம்பம். டொமைன் எங்கே இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போக முடியுமா என்று அப்போதுதான் தேடுவார்கள்.

வெப்சைட்டின் பக்கங்கள், படங்கள், டேட்டாபேஸ் எல்லாவற்றையும் பேக்கப்பிலிருந்து மீட்டுவிடலாம். ஹோஸ்டிங் கம்பெனி நாளையே மூடினாலும் வேறு இடத்தில் ஏற்றிவிடலாம். கையை விட்டுப் போனால் திரும்பக் கிடைக்குமா என்று சொல்ல முடியாதது டொமைன் பெயர் ஒன்றுதான். விசிட்டிங் கார்டு, கடை போர்டு, பில் புத்தகம், கூகுள் தேடல், வாடிக்கையாளர் போனில் பதிந்து வைத்த மின்னஞ்சல் எல்லாம் அந்தப் பெயரை நம்பித்தான் இருக்கின்றன. அதனால் டொமைனை உங்கள் பெயரில், உங்கள் கணக்கில், ஹோஸ்டிங் விற்பவரிடம் அல்லாமல், டொமைன் விற்பனையாளரான வேறொரு ரெஜிஸ்ட்ராரிடம் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் பரிந்துரை.

யார் எந்த வேலையைச் செய்கிறார்கள்

.காம், .நெட் பெயர்களின் மொத்தப் பதிவேட்டையும் வைத்திருப்பது அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனம். .ஆர்க் பப்ளிக் இன்ட்ரஸ்ட் ரெஜிஸ்ட்ரியிடம் இருக்கிறது. .இன் நமது நிக்சியிடம்; .எல்கே இலங்கையின் எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியிடம். இவர்களுக்கு ரெஜிஸ்ட்ரி என்று பெயர். .காம், .இன் போன்றவற்றை நாம் இவர்களிடம் நேரடியாக வாங்குவதில்லை. நடுவில் ரெஜிஸ்ட்ரார் என்ற விற்பனையாளர் இருக்கிறார். 1999 வரை .காம் வேண்டுமென்றால் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற ஒரே கம்பெனியிடம்தான் போக வேண்டும். இணையப் பெயர்களை மேற்பார்வை செய்ய 1998இல் தொடங்கப்பட்ட ஐகான் அமைப்பு அந்த ஏகபோகத்தை உடைத்துப் பலருக்கும் அங்கீகாரம் கொடுத்தது. நாம் இன்று ரெஜிஸ்ட்ராரைத் தேர்வு செய்ய முடிவது அதனால்தான்.

இதற்கு அப்புறம் இன்னும் மூன்று வேலைகள் இருக்கின்றன. உங்கள் பெயரைத் தட்டினால் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது டிஎன்எஸ். பக்கங்களை வைத்திருப்பது வெப் ஹோஸ்டிங். அந்தப் பெயரில் வரும் மின்னஞ்சலை வாங்கி வைப்பது மெயில் ஹோஸ்டிங். ஒரே கம்பெனி எல்லாவற்றையும் ஒரே பில்லில் விற்பதால் ஒரே சரக்குபோலத் தெரிகிறது. உண்மையில் ஒவ்வொன்றும் தனித்தனிச் சேவை. எதை வேண்டுமானாலும் கழற்றி வேறு இடத்தில் மாட்டலாம்.

ஏன் பிரிக்க வேண்டும்

2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீப்பிடித்து முழுதாக எரிந்துபோனது. ஐரோப்பாவில் ஏராளமான வெப்சைட்கள் காலையில் எழுந்து பார்த்தால் இல்லை. அதுபோன்ற ஒரு நாளில் உங்களிடம் பேக்கப்பும் வேண்டும், டொமைனின் சாவியும் வேண்டும். இரண்டும் இருந்தால் புது சர்வரில் பேக்கப்பை ஏற்றிவிட்டு, பெயர் எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் மாற்றினால் போதும். எரிந்த இடத்தின் கஸ்டமர் கேர் போனை எடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தீ விபத்து அபூர்வம். அடிக்கடி நடப்பது வேறு. வெப்சைட் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஒரு ப்ளகினை, அதாவது துணை நிரலை, பல மாதம் அப்டேட் செய்யாமல் விட்டு, அதன் வழியாக எவனோ உள்ளே புகுந்து ஸ்பேம் அனுப்பத் தொடங்குவான். ஹோஸ்டிங் கம்பெனி கணக்கை நிறுத்தி வைக்கும். அது நியாயம்தான். ஆனால் டொமைனும் டிஎன்எஸ்ஸும் அதே லாகினுக்குள் இருந்தால் மின்னஞ்சல் உட்பட எல்லாம் சேர்ந்து முடங்கும். பில் தகராறிலும் இதே கதைதான். நீங்கள் வேறு இடம் போகிறீர்கள் என்று தெரிந்ததும் பதில் தாமதமாக வரும் கம்பெனிகளும் உண்டு. வாடகைக் கட்டடத்தில் கடை நடத்தலாம், கடையின் பெயரையே கட்டட உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டுமா என்ன?

இலவச டொமைனின் சின்ன எழுத்து நிபந்தனைகளையும் படியுங்கள். பொதுவாக இலவசம் முதல் வருடத்துக்கு மட்டும். அதுவும் மாதாமாதம் கட்டுபவருக்குக் கிடையாது, ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் மொத்தமாகக் கட்டினால்தான். நடுவில் ஹோஸ்டிங்கை ரத்து செய்து பணம் திரும்பக் கேட்டால் டொமைன் விலையைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள்.

சரி, எல்லோரும் பிரித்தே ஆக வேண்டுமா? ஒரு கல்யாணத்துக்கு ஆறு மாதம் மட்டும் இருக்கப் போகும் பக்கம், கற்றுக்கொள்வதற்காகப் போடும் சோதனைத் தளம் என்றால் ஒரே இடத்தில் வாங்கிவிட்டுப் போங்கள். கூடுதலாக ஒரு பாஸ்வேர்டை நினைவில் வைப்பது வீண் வேலை. தொழில், சங்கம், பள்ளி, உங்கள் சொந்தப் பெயர், வருடக் கணக்கில் எழுதப்போகும் வலைப்பூ என்றால் தொடர்ந்து படியுங்கள்.

முதல் படி: ரெஜிஸ்ட்ராரைத் தேர்ந்தெடுப்பது

முதலில் பார்க்க வேண்டியது ரினியூவல் விலை. முதல் வருட விலையைப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஒரு .காம் பெயருக்கு ரெஜிஸ்ட்ராரிடமிருந்து வெரிசைன் வாங்கும் மொத்த விற்பனை விலை 2020இல் வருடத்துக்கு 7.85 டாலர். அது படிப்படியாக ஏறி, 2024 செப்டம்பரிலிருந்து 10.26 டாலர் ஆனது. அதன்மேல் ஐகானுக்குச் சில சென்ட்கள். அதாவது விற்பவருக்கே எண்ணூறு, தொள்ளாயிரம் ரூபாய் அடக்கம். அப்படியிருக்க 99 ரூபாய்க்கு .காம் தருகிறேன் என்றால் மீதியை அவர் கையிலிருந்து போடுகிறார். இரண்டாம் வருடத்திலிருந்து உங்களிடம் வசூல் செய்யப் போகிறார். விலைப் பட்டியலில் ரினியூவல் என்ற பத்தியைத் தேடுங்கள். அதை எளிதில் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அதுவே ஒரு பதில். ஐந்து வருட மொத்தச் செலவைக் கூட்டிப் பாருங்கள். இந்தியக் கம்பெனிகளின் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான் சேரும்.

அடுத்தது அங்கீகாரம். .காம் போன்றவற்றுக்கு ஐகானின் அங்கீகாரப் பட்டியலிலும், .இன் பெயருக்கு நிக்சியின் பட்டியலிலும் கம்பெனியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பட்டியல்களும் அவர்களின் தளத்திலேயே இருக்கின்றன. பட்டியலில் இல்லாதவர் ரீசெல்லர்; வேறொரு ரெஜிஸ்ட்ராரின் சரக்கை எடுத்து விற்கிறார். நல்ல ரீசெல்லர்கள் உண்டு. ஆனால் அவர் கடையை மூடினால் நீங்கள் பின்னால் இருக்கும் ரெஜிஸ்ட்ராரைத் தேடிப் போய், நான்தான் உரிமையாளர் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும்.

அங்கீகாரம் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. ரெஜிஸ்டர்ஃப்ளை என்ற அமெரிக்க ரெஜிஸ்ட்ரார் 2007இல் உள் சண்டையில் கவிழ்ந்தது. ரினியூவலுக்குப் பணம் கட்டியவர்களே பெயரை இழந்தார்கள். ஐகான் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்து, பெயர்களை கோடாடி என்ற வேறொரு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றிவிட்டது. அந்தக் குழப்பத்துக்குப் பிறகுதான் ரெஜிஸ்ட்ரார்கள் பதிவு விவரங்களின் நகலை மூன்றாம் தரப்பிடம் தவறாமல் ஒப்படைக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. பெரிய பெயர் என்பதும் நிரந்தரம் இல்லை. கூகுளின் ரெஜிஸ்ட்ரார் சேவையான கூகுள் டொமைன்ஸை நம்பிப் போனவர்களின் பெயர்கள் 2023இல் ஸ்கொயர்ஸ்பேஸ் என்ற கம்பெனிக்கு விற்கப்பட்டன. அதனால் நுழைவது எப்படி என்று பார்ப்பதைவிட வெளியேறுவது எப்படி என்று பாருங்கள். ஆத் கோடு எனப்படும் மாற்றக் குறியீட்டைக் கணக்குக்குள் நீங்களே எடுக்க முடிகிறதா, உதவிக் கோரிக்கை அனுப்பிக் கேட்க வேண்டுமா? உதவிப் பக்கங்களில் இது எழுதியிருக்கும். வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டடுக்குப் பாதுகாப்பு இருக்க வேண்டும். எஸ்எம்எஸ் ஓடிபியோடு நிற்காமல் ஆத்தென்டிகேட்டர் ஆப்பும் வேலை செய்ய வேண்டும். பொதுவில் தெரியும் பதிவு விவரத்தில் உங்கள் முகவரி, போன் எண்ணை மறைக்கும் ப்ரைவசி வசதிக்குத் தனிக் கட்டணம் கேட்டால் வேறு கடை பாருங்கள். பல நல்ல ரெஜிஸ்ட்ரார்கள் அதை இலவசமாகவே தருகிறார்கள். ஆனால் .இன் போன்ற நாட்டுப் பெயர்களுக்கு விதி வேறு. அடையாளச் சரிபார்ப்பும் கேட்கலாம். டிஎன்எஸ் நிர்வாகம் இலவசமாக இருக்க வேண்டும்.

பணம் கட்டும் வழி இந்தியாவில் இருப்பவர்களுக்குத் தனிப் பிரச்சினை. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புதிய விதி வந்ததிலிருந்து, கார்டிலிருந்து தானாகப் பணம் பிடிப்பதற்கு முன்கூட்டியே ஒப்புதல் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த வசதி இல்லாத வெளிநாட்டு ரெஜிஸ்ட்ராரில் ஆட்டோ ரினியூவலை ஆன் செய்து வைத்தாலும் இந்தியக் கார்டு மறுத்துவிடும். நீங்களோ ஆன் செய்துவிட்டோமே என்று நிம்மதியாக இருப்பீர்கள். யுபிஐ வாங்குபவர்கள், கணக்கில் முன்பணம் போட்டு வைக்க விடுபவர்கள், இவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை குறையும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆன் ஆகியிருக்கிறதா என்பதையும் வங்கி ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் சொல்லுங்கள் என்று கேட்பீர்கள். கிளவுட்ஃப்ளேர் டொமைன்களை அடக்க விலைக்கே தருகிறது. ஆனால் அங்கே வாங்கினால் நேம்சர்வராக, அதாவது டிஎன்எஸ் பதில்களைத் தரும் சர்வராக, அவர்களுடையதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. டிஎன்எஸ் என்றால் என்ன என்று இப்போதுதான் கேள்விப்படுபவருக்கு அது கொஞ்சம் மிரட்சியாக இருக்கலாம். போர்க்பன், நேம்சீப் இரண்டும் புதியவர்களுக்கு எளிது, ப்ரைவசி இலவசம். .எல்கே வேண்டுமென்றால் எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியின் தளத்திலேயே நேராகப் பதிவு செய்யலாம். தமிழ் எழுத்திலேயே .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று முடியும் பெயர்களும் உண்டு. ஆசையாக இருக்கும், வாங்குங்கள். ஆனால் அந்த முகவரியில் மின்னஞ்சல் எல்லா இடத்திலும் வேலை செய்யாது என்பதால் ஆங்கில எழுத்துப் பெயர் ஒன்றும் கூடவே இருக்கட்டும்.

இரண்டாம் படி: வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கணக்கு தொடங்கும்போது கொடுக்கும் மின்னஞ்சல்தான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர். நீங்கள் வாங்கப்போகும் டொமைனிலேயே அமைந்த முகவரியை அங்கே கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் செத்துவிடும். ரினியூவல் நினைவூட்டல் வராது, பாஸ்வேர்டை மீட்கவும் முடியாது. ஜிமெயில் போன்ற வேறொரு முகவரி போதும். அலுவலகத்தில் வேலை பார்ப்பவரின் தனி முகவரியும் வேண்டாம். அவர் நாளை வேறு வேலைக்குப் போய்விடுவார்.

உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயர் அல்லது உங்கள் நிறுவனத்தின் பெயரைச் சரியாக எழுதுங்கள். பொய்யான முகவரி, பத்து ஒன்பதுகள் கொண்ட போன் எண் எல்லாம் பின்னால் உங்களுக்கே வினை. தகராறு வரும்போது அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் பதிவில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும்.

கார்ட் பக்கத்தில் நிதானமாக இருங்கள். மின்னஞ்சல், எஸ்எஸ்எல் சான்றிதழ், வெப்சைட் பில்டர், ப்ரீமியம் டிஎன்எஸ் என்று நான்கைந்து சரக்குகள் டிக் அடித்தே வந்து நிற்கும். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையிலான தொடர்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழை, லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சேவை மூலம் பெரும்பாலும் உங்கள் ஹோஸ்டிங்கே தரும்.

பணம் கட்டியதும் ஒரு சரிபார்ப்பு மின்னஞ்சல் வரும். அதில் இருக்கும் இணைப்பை அழுத்தியே ஆக வேண்டும். 15 நாளுக்குள் அழுத்தாவிட்டால் ஐகான் விதிப்படி ரெஜிஸ்ட்ரார் டொமைனை நிறுத்தி வைப்பார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த புது வெப்சைட் மூன்றாம் வாரத்தில் திடீரென்று காணாமல் போனால், முதலில் ஸ்பேம் பெட்டியில் இந்த மின்னஞ்சலைத் தேடுங்கள்.

மூன்றாம் படி: டொமைனை ஹோஸ்டிங்கோடு இணைப்பது

பிரித்து வாங்கத் தயங்குபவர்கள் பயப்படுவது இந்த இடத்துக்குத்தான். உண்மையில் இது சில வரிகளை நகலெடுத்து ஒட்டுவது. இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, நேம்சர்வரை மாற்றுவது. ஹோஸ்டிங் கம்பெனி அனுப்பும் வரவேற்பு மின்னஞ்சலில் என்எஸ்1, என்எஸ்2 என்று தொடங்கும் இரண்டு பெயர்கள் இருக்கும். ரெஜிஸ்ட்ராரின் கணக்கில் நேம்சர்வர் என்ற இடத்தில் பழையதை அழித்துவிட்டு இவற்றை ஒட்டினால் முடிந்தது. இனி டிஎன்எஸ் வேலை முழுவதையும் ஹோஸ்டிங் கம்பெனி பார்த்துக்கொள்ளும். எளிது. ஆனால் ஹோஸ்டிங் கணக்கு முடங்கினால் டிஎன்எஸ்ஸும் முடங்கும். அப்போதும் ரெஜிஸ்ட்ராரிடம் போய் நேம்சர்வரைத் திருப்பிவிட முடியும் என்பதால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் மின்னஞ்சல் ரெக்கார்டுகளை, அதாவது டிஎன்எஸ்ஸில் இருக்கும் மின்னஞ்சல் வரிகளை, மறுபடி எழுத வேண்டும். அவற்றின் நகல் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாம் வழி, டிஎன்எஸ்ஸை ரெஜிஸ்ட்ராரிடமோ கிளவுட்ஃப்ளேர் போன்ற தனிச் சேவையிடமோ வைத்துக்கொண்டு, வெப்சைட்டின் முகவரியை மட்டும் ஹோஸ்டிங்கின் பக்கம் காட்டுவது. எனக்குப் பிடித்தது இதுதான். ஒரு சின்னக் கடையின் டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

@ — ஏ ரெக்கார்டு — 203.0.113.10
டபிள்யூடபிள்யூடபிள்யூ — சிநேம் — முதன்மை டொமைன் பெயர்
@ — எம்எக்ஸ் — மெயில் சேவையின் சர்வர் பெயர், முன்னுரிமை 10
@ — டிஎக்ஸ்டி — எஸ்பிஎஃப் வரி

முதல் வரியில் இருக்கும் எண் உங்கள் ஹோஸ்டிங் சர்வரின் ஐபி முகவரி. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கமான சிபேனலின் வலது ஓரத்திலோ வரவேற்பு மின்னஞ்சலிலோ இருக்கும் (இங்கே நான் போட்டிருப்பது உதாரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண், அதை அப்படியே ஒட்டிவிடாதீர்கள்). @ என்பது டொமைனையே குறிக்கும். இரண்டாம் வரி டபிள்யூடபிள்யூடபிள்யூ சேர்த்துத் தட்டினாலும் அதே இடத்துக்கு அனுப்புகிறது. மூன்றாம் வரி மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்கிறது. நான்காம் வரி உங்கள் பெயரில் மின்னஞ்சல் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்கிறது. ஹோஸ்டிங்கை மாற்றும்போது முதல் வரியை மட்டும் மாற்றினால் போதும், மின்னஞ்சலுக்கு ஒன்றும் ஆகாது. இதில் ஒரே சங்கடம்: ஹோஸ்டிங் கம்பெனி தன் சர்வரை மாற்றி ஐபி எண் மாறினால், அறிவிப்பு மின்னஞ்சலைப் படித்து நீங்கள்தான் இங்கே வந்து மாற்ற வேண்டும்.

மாற்றியதும் உடனே தெரியவில்லை என்று பதற வேண்டாம். ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் டிடிஎல் என்று ஒரு நேரம் உண்டு. இணையத்தில் மற்றவர்கள் பழைய பதிலை அதுவரை நினைவில் வைத்திருப்பார்கள். 3600 என்றால் ஒரு மணி நேரம். ஏ ரெக்கார்டை மாற்றப்போவது தெரிந்தால் முதல் நாளே டிடிஎல்லை 300க்குக் குறைத்துவிடுங்கள், ஐந்து நிமிடத்தில் மாறிவிடும். நேம்சர்வர் மாற்றத்துக்கு மட்டும் 48 மணி நேரம் வரை ஆகலாம் என்பார்கள். .காம் பதிவேட்டில் அதற்கு 172800 விநாடி டிடிஎல் வைத்திருப்பதுதான் காரணம்.

நான்காம் படி: பூட்டுவதும் புதுப்பிப்பதும்

டொமைன் லாக் ஆன் ஆகியிருக்கட்டும். அது இருந்தால் யாரும் சத்தமில்லாமல் வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற முடியாது. கணக்குக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு, மீட்புக் குறியீடுகள் காகிதத்தில். பெர்ல் நிரல்மொழியின் பழம்பெரும் தளமான பெர்ல்.காம் 2021 ஜனவரியில் களவு போனது. பிப்ரவரியில்தான் திரும்பி வந்தது. கணினி விஷயத்தில் கரை கண்டவர்களுக்கே அந்தக் கதி.

புதுப்பிக்க மறப்பதிலும் பெரியவர் சிறியவர் வித்தியாசம் இல்லை. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹாட்மெயிலுக்குள் பலரால் நுழைய முடியாமல் போனது. லாகினுக்குப் பயன்பட்ட பாஸ்போர்ட்.காம் பெயருக்கு மைக்ரோசாஃப்ட் பணம் கட்ட மறந்திருந்தது. மைக்கேல் சேனி என்ற லினக்ஸ் புரோகிராமர் அதைக் கண்டுபிடித்து, 35 டாலரைத் தன் கார்டிலிருந்து கட்டிச் சரிசெய்தார்.

.காம் காலாவதியானால் அன்றே போய்விடாது. வழக்கமாகச் சில வாரங்கள் சாதாரண விலையிலேயே புதுப்பிக்கலாம்; அதிகபட்சம் 45 நாள், ஆனால் அதை ரெஜிஸ்ட்ரார் தன் இஷ்டத்துக்குக் குறைத்துக்கொள்ளலாம். வெப்சைட் மட்டும் முதல் சில நாட்களிலேயே நின்றுவிடும். அதைத் தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம். இங்கே அபராதம் சேர்ந்து விலை பல மடங்காகும். அப்புறம் 5 நாள் அழிப்புக் காலம், அதில் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு பெயர் சந்தைக்கு வரும். நல்ல பெயருக்கு ப்ரோக்கர்கள் காத்திருப்பார்கள். இதையெல்லாம் தவிர்க்கச் சுலபமான வழி, முக்கியமான பெயரை ஒரேயடியாகப் பல வருடங்களுக்குக் கட்டிவிடுவது. .காம் பெயரை 10 வருடம் வரை முன்கூட்டியே புதுப்பிக்கலாம். நடுவில் விலை ஏறினாலும் உங்களைத் தொடாது.

ஏற்கனவே ஹோஸ்டிங் கம்பெனியிடம் வாங்கியிருந்தால்

கவலை வேண்டாம், ஹோஸ்டிங்கை அங்கேயே விட்டுவிட்டு டொமைனை மட்டும் மாற்றலாம். வெப்சைட் ஒரு நிமிடம்கூட நிற்காது, ஒரு நிபந்தனையோடு: இப்போது டிஎன்எஸ் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நேம்சர்வர் ஹோஸ்டிங்குடையது என்றால் மாற்றத்தின்போது அதைத் தொடாமல் விடுங்கள், எதுவும் மாறாது. பழைய ரெஜிஸ்ட்ராரின் டிஎன்எஸ் சேவையில் இருந்தால், டொமைன் வெளியேறியதும் அவர்கள் அதை நிறுத்திவிடலாம். அப்படியானால் எல்லா ரெக்கார்டுகளையும் புது இடத்தில் எழுதி, நேம்சர்வரை மாற்றி, ஓரிரு நாள் ஓடவிட்ட பிறகுதான் டொமைன் மாற்றத்தைத் தொடங்க வேண்டும். டிஎன்எஸ் பதில் போலியல்ல என்று உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் ஆன் ஆகியிருந்தால் நேம்சர்வரை மாற்றும் முன் அதை அணைத்துவிடுங்கள். மறந்தால் தளம் பலருக்குத் திறக்காது, காரணம் லேசில் பிடிபடாது.

பிறகு வேலை நேர்கோட்டில் போகும். பழைய கணக்கில் லாக்கை எடுங்கள், ஆத் கோடை வாங்குங்கள், புது ரெஜிஸ்ட்ராரின் ட்ரான்ஸ்ஃபர் பக்கத்தில் பெயரையும் கோடையும் போட்டு ஒரு வருடக் கட்டணம் கட்டுங்கள். அந்தக் கட்டணம் வீணில்லை; .காம் போன்றவற்றில் மீதமிருக்கும் காலத்தோடு ஒரு வருடம் கூடும். பழைய ரெஜிஸ்ட்ரார் உடனே சம்மதித்தால் சீக்கிரம் முடியும், பேசாமல் இருந்தால் ஐந்து நாளில் தானாக முடியும்.

பதிவு செய்தோ மாற்றியோ 60 நாள் ஆகாத பெயரை வழக்கமாக மாற்ற முடியாது. உரிமையாளரின் பெயரையோ மின்னஞ்சலையோ திருத்தினாலும் பல இடங்களில் இதே 60 நாள் பூட்டு விழும், அதனால் மாற்றத்துக்கு முன் அந்த விவரங்களில் கை வைக்காதீர்கள். காலாவதிக்கு ஒரு மாதமாவது இருக்கும்போது செய்யுங்கள். காலாவதியான பிறகு பழைய இடத்தில் புதுப்பித்துவிட்டு உடனே மாற்றினால் அந்த ஒரு வருடப் பணம் காணாமல் போக வாய்ப்புண்டு.

ஆத் கோடு தராமல் இழுத்தடித்தால், .காம் போன்ற பெயர்களுக்குக் கேட்ட ஐந்து நாளுக்குள் தர வேண்டும் என்ற ஐகான் விதியைச் சுட்டி எழுதுங்கள். ஹோஸ்டிங் பாக்கி இருக்கிறது என்பது டொமைன் மாற்றத்தை மறுப்பதற்கு அந்த விதிகள் அனுமதிக்கும் காரணம் அல்ல. அதற்கும் மசியவில்லை என்றால் ஐகானின் தளத்தில் புகார் படிவம் இருக்கிறது. .இன் பெயராக இருந்தால் நிக்சியிடம் போக வேண்டும்.

டொமைன் டெவலப்பர் கையில் இருந்தால்

ஊரில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். வெப்சைட் செய்து கொடுத்த தம்பி தன் கணக்கிலேயே டொமைனையும் வாங்கியிருப்பார். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. கடைக்காரருக்கு இதெல்லாம் எதற்கு என்று அவரே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வெளிநாடு போன பிறகோ போன் எண் மாறிய பிறகோதான் ரினியூவல் வரும்.

லுக்கப்.ஐகான்.ஆர்க் தளத்தில் உங்கள் பெயரைத் தட்டுங்கள். ரெஜிஸ்ட்ரார் யார், எந்தத் தேதியில் காலாவதி, எந்த நேம்சர்வர் என்று காட்டும். உரிமையாளர் விவரம் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். அதை டெவலப்பரிடம்தான் கேட்க வேண்டும். உறவு நன்றாக இருக்கும்போதே கேளுங்கள். அதே ரெஜிஸ்ட்ராரில் நீங்கள் ஒரு கணக்கு தொடங்கிக்கொண்டு, அதற்கு டொமைனைத் தள்ளிவிடச் சொல்வதுதான் எளிய வழி. ஒரே ரெஜிஸ்ட்ராருக்குள் கணக்கு மாற்றுவதற்கு வழக்கமாகக் கட்டணம் கிடையாது. வந்ததும் உரிமையாளர் பெயர் உங்களுடையதா என்று திறந்து பாருங்கள். கணக்கு மாறினாலும் பெயர் பழையபடியே நிற்பது உண்டு. டெவலப்பர் டிஎன்எஸ்ஸில் வேலை செய்ய வேண்டுமென்றால் பாஸ்வேர்டைக் கொடுக்காமல், பல ரெஜிஸ்ட்ரார்களில் இருக்கும் பகிர்வு அனுமதியைக் கொடுங்கள்.

புதிதாக ஒருவரிடம் வெப்சைட் வேலையைக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் சுலபம். டொமைனை முதல் நாளே நீங்கள் வாங்கிவிடுங்கள். கொட்டேஷனில் டொமைன் என்று ஒரு வரி இருந்தால் அதை அடித்துவிட்டு, நேம்சர்வர் பெயர்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.